எடுக்கும்போது மட்டும் ஏன் இந்தத் தமிழ்?

ஓசூர் சிப்காட் ஆலைகளின் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்த்திராதவருக்கும் ஒரு சட்டம் மட்டும் மனப்பாடமாக இருப்பது தெரியும். "480 நாள்." இருபத்து நான்கு மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் அது. முழுப்பெயர் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம். இந்தப் பெயரை ஒப்பந்தத் தொழிலாளி யாரும் சொல்லிக் கேட்க முடியாது. எண் மட்டும் வாயில் நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரர்களுக்கும் அந்த எண் நன்றாகவே தெரியும். 480-ஐத் தொடுவதற்கு முன்பே ஆளை மாற்றிவிடுகிறார்கள் என்று தொழிலாளர்கள் குறைப்படுவதும் அதனால்தான்.

கிராமத்துப் பக்கம் போனால் "நூறு நாள் வேலை". மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் என்ற நீளப் பெயரை மக்கள் ஒரே அடியில் வெட்டி, தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: எத்தனை நாள், என்ன கிடைக்கும். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் 125 நாள் என்று சொல்லும் புதிய சட்டம் வந்தது. விக்சித் பாரத் என்று தொடங்கும் அதன் பெயர் பழையதைவிட நீளம். அதற்கும் ஊரில் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், கவலை வேண்டாம்.

சட்டத்தை எளிய சொல்லில் வைத்துக்கொள்ள மக்களுக்குத் தெரிகிறது. அரசு அலுவலகத்துக்குத் தெரியவில்லையா? தெரியும். வேண்டும்போது மிக நன்றாகவே தெரியும் என்பதுதான் சங்கதி.

2023 ஜூலை 24 அன்று, ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியின் தொப்பூரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ரேஷன் கடை வழியாக டோக்கன் வந்தது. எந்த நாள், எந்த நேரம், எங்கே வர வேண்டும் என்று அதில் இருந்தது. சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கைப்பேசிக்கே குறுஞ்செய்தி போனது. மேல்முறையீடு செய்ய 30 நாள், இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு என்று வழியும் சொல்லப்பட்டது. காரணங்கள் எல்லாமே சரியா என்பது வேறு விவாதம். யார், எங்கே, எத்தனை நாளுக்குள் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தது. ஒன்றரைக் கோடிப் பெண்களிடம் அரசாங்கத்தால் புரியும்படி பேச முடிந்திருக்கிறது.

இனி அதே அரசாங்கம் ஒன்றைக் கொடுக்காமல் எடுக்க வரும்போது பேசும் தமிழைப் பார்க்கலாம்.

பிரிவு 3(2)

சிப்காட் நிறுவனம் 1971-ல் பிறந்தது. அதன் தொடக்க காலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூர். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று வளர்ந்து, இன்று டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா வரைக்கும் வந்திருக்கிறது. மாவட்டத்தில் தொழிற்பேட்டைகள் விரிந்த ஒவ்வொரு கட்டத்திலும் கட்டடத்துக்கு முன்னால் ஒரு காகிதம்தான் ஊருக்குள் வந்தது. நில எடுப்பு அறிவிப்பு.

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று உண்டு (தமிழ்நாடு சட்டம் 10/1999). அது வேலை செய்யும் விதம் சுருக்கமானது. முதலில் பிரிவு 3(2)-ன்கீழ் நில உரிமையாளருக்கும் நிலத்தில் அக்கறை உள்ள மற்றவர்களுக்கும் அறிவிப்பு வரும்: இந்த நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் சொல்லுங்கள். பதிலைக் கேட்ட பிறகு அரசு முடிவெடுக்கும். பின்பு பிரிவு 3(1)-ன்கீழ் அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். வெளியான அந்த நாளிலேயே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குச் சொந்தமாகிவிடும். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் இழப்பீட்டுப் பேச்சு.

ஆகவே விவசாயி "வேண்டாம்" என்று சொல்ல இந்தச் சட்டத்தில் உள்ள வாசல் அந்த முதல் காகிதம்தான். பொதுவாக இத்தகைய அறிவிப்புகள் எழுதப்படும் பாணியில் நான் ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்:

"தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997 பிரிவு 3(2)-ன்கீழ், இதனடியில் கண்ட அட்டவணையில் விவரிக்கப்பட்டுள்ள நிலங்கள் தொழில் நோக்கத்துக்காகத் தேவைப்படுவதால், மேற்படி நிலங்களை ஏன் எடுக்கக்கூடாது என்பதற்கான காரணத்தை மேற்படி நிலங்களில் உரிமை மற்றும் அக்கறை உள்ளவர்கள் இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்குமாறும், தவறும்பட்சத்தில் மேல்நடவடிக்கை தொடரப்படும் எனவும் இதன்மூலம் தெரிவிக்கலாகிறது."

ஒரே வாக்கியம். இதில் அகராதி தேட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் தெரிந்த சொற்களே. ஆனாலும் படித்து முடித்தவருக்கு நிலம் போய்விட்டதா, இனிமேல்தான் போகப் போகிறதா என்பது தெரியாது. கடைசித் தேதியை அவரே கணக்குப் போட வேண்டும். "மேல்நடவடிக்கை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிலம் கைமாறும் நாள் ஒளிந்திருக்கிறது.

இதையே இப்படியும் எழுதலாம்:

"உங்கள் நிலத்தைத் தொழிற்பேட்டைக்காக எடுக்க அரசு யோசிக்கிறது. இன்னும் எடுக்கவில்லை. நிலத்தின் புல எண்ணும் பரப்பும் கீழே உள்ளன. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால், காரணத்தை எழுதி இந்தத் தேதிக்குள் இந்த அலுவலகத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பட்டா உங்கள் தாத்தா பெயரில் இருந்தாலும், கூட்டுப் பட்டாவாக இருந்தாலும், நிலத்தில் உங்களுக்கு உரிமை இருந்தால் எழுதலாம். நீங்கள் எழுதாவிட்டாலும் அரசு முடிவெடுக்கலாம். அரசிதழில் அடுத்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து நிலம் அரசுடையது. அதன் பிறகு இழப்பீடு பற்றிப் பேசலாம். நிலத்தைத் திரும்பப் பெறுவது கடினம்."

இது கொஞ்சம் நீளம்தான். எளிமை என்றால் சுருக்கம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவார்கள்.

2023-ல் சூளகிரி வட்டத்தின் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் புதிய சிப்காட்டுக்கு எதிராகப் பல மாதங்கள் போராடினார்கள். அவர்கள் எதிர்த்தது நிலம் எடுப்பதையே, காகிதத்தின் மொழியை அல்ல. அறிவிப்பை அழகாக எழுதியிருந்தால் போராட்டம் நடந்திருக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகப் புரிந்திருந்தால் இன்னும் முன்பே, இன்னும் பலமாக நடந்திருக்கலாம். அலுவலகங்கள் எளிய மொழியைக் கண்டு தயங்குவதில் இந்த அச்சத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டம், திட்டத்தால் ஊருக்கு என்ன ஆகும் என்ற சமூகத் தாக்க அறிக்கையை உள்ளூர் மொழியில் ஊராட்சியிலேயே வைக்கச் சொல்கிறது. தமிழ்நாடு 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு எடுத்துக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அவற்றுக்குப் புதுச் சட்டத்தால் உயிர்கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இந்த நீண்ட வழக்காடலின் விளைவாக, தொழிற்பேட்டைக்கு நிலம் இழப்பவரின் கைக்கு உள்ளூர் மொழி அறிக்கை எதுவும் வர வேண்டிய கட்டாயம் இல்லை. 3(2) அறிவிப்பு ஒன்றுதான் மிச்சம். மிஞ்சியிருக்கும் அந்த ஒன்றையாவது புரியும்படி எழுத வேண்டாமா?

கெயில் எரிவாயுக் குழாய் கிருஷ்ணகிரி வழியாக வந்தபோதும் இதே கதை. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தில் ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. "பயன்பாட்டு உரிமை" என்ற சொல்லைப் படித்துவிட்டு மாந்தோப்புக்காரர் இதை எப்படி ஊகிப்பார்?

யார் செய்கிறார்கள் என்று சொல்லாத வினைச்சொல்

அலுவலகத் தமிழ் ஏன் இப்படி இருக்கிறது என்றால் பலரும் உடனே சம்ஸ்கிருதத்தையும் பாரசீகத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். இந்த மண்ணில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1792-ல் திப்புவிடமிருந்து, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் கும்பினி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். தாசில்தார், பட்டா, ஜமாபந்தி, பசலி எல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கே புழங்கிய சொற்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் ஜமாபந்தி என்றால் என்னவென்று தெரியும். அரசு அதை "வருவாய்த் தீர்வாயம்" ஆக்கியது. இன்றும் பத்திரிகைச் செய்தி விடும்போது அருகில் ஜமாபந்தி என்று போட வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கூட்டம் வராது. போதாக்குறைக்கு தாசில்தாரும் ஜமாபந்தியும் பட்டாவும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படியே வழங்குகின்றன. ஓசூரில் மூன்று மொழிக்காரர்களும் பகிர்ந்துகொண்ட சொல்லை எடுத்துவிட்டு, ஒரு மொழிக்காரருக்கே அரைகுறையாகப் புரியும் சொல்லை வைத்திருக்கிறோம். தமிழ் வளர்ந்ததா என்பதைத் தமிழறிஞர்கள் சொல்லட்டும்.

சிக்கல் வாக்கியத்தின் முடிவில் இருக்கிறது. "தெரிவிக்கலாகிறது", "பரிசீலிக்கப்பட்டது", "ஏற்க இயலாத நிலை உள்ளது", "தகுந்த மேல்நடவடிக்கையின் பொருட்டு அனுப்பப்படுகிறது." யார் தெரிவிக்கிறார்? யார் பரிசீலித்தார்? யாருக்கு அனுப்பினார்? ஆளே இல்லாத வினைகள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தவருக்கு மாதம் கழித்து வரும் பதிலில் "பார்வை" என்று நான்கு கடித எண்கள் இருக்கும், ந.க. எண் இருக்கும், நாள் இருக்கும். அவருடைய காரியம் ஆகுமா ஆகாதா என்பது மட்டும் இருக்காது. இது தற்செயலாக வந்த நடை அல்ல. பொறுப்பு தன் தலையில் விழாமல் எழுதப் பழகிய கை அது. முந்தைய கோப்பில் இருந்ததைப் பார்த்து எழுதினால் தணிக்கையில் யாரும் கேட்க மாட்டார்கள், புதிதாக எழுதினால் "ஏன்?" என்று கேள்வி வரும். எழுத்தரைக் குறைசொல்லிப் பயனில்லை.

1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1971-ல் தமிழ் வளர்ச்சித் துறை வந்தது. 2025 ஏப்ரலில், அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் தமிழிலேயே வெளியாக வேண்டும், பொதுமக்களுக்குத் தமிழிலேயே பதில் தர வேண்டும், தமிழிலேயே கையெழுத்திட வேண்டும் என்று மறுபடியும் அறிவுறுத்தல் போனது. எழுபது ஆண்டுகளாக "தமிழில் எழுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எழுதியதைப் படித்தவருக்குப் புரிந்ததா என்று சோதிக்க ஒரு மேசைகூடப் போடவில்லை. தமிழில் எழுதப்பட்ட கோப்புகளின் விழுக்காட்டை எண்ணலாம். புரிதலை எண்ணுவது கஷ்டம் என்பது காரணமாக இருக்கலாம்.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருந்தார் என்பது வேடிக்கை. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, அந்த ஊர் முன்சீப்பின் மகன். 1916-ல் சேலத்தில் தமிழ் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். வேதியியலைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு "திண்ணை ரசாயனம்" என்று பெயர் வைத்தார். தலைப்பிலேயே வாசகரை உட்கார வைத்துவிட்ட மனிதர். அவருடைய மொழிக் கொள்கையோடு தமிழ்நாடு 1938-ல் எத்தனை முரண்பட்டிருந்தாலும், உரைநடையில் அவரிடம் கற்க அலுவலகங்களுக்கு நிறையவே இருக்கிறது.

மூன்று மொழி வாசகர்

2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கே. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் பதவியேற்றார். முடிவில் தமிழ்நாட்டை வாழ்த்தினார். சென்னையில் சிலர் புருவம் உயர்த்தினார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ், பக்கத்துத் தெருவில் உருது என்பது இங்கே சாதாரணம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வயதானவர்கள் பலர் தமிழைப் பேசுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள்.

அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. அதாவது தெலுங்கில் மனு கொடுக்கலாம். ஒரு வட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் மொழிச் சிறுபான்மையினர் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புத் திட்டத்தில் பல பத்தாண்டுகளாக ஏட்டில் உள்ள ஏற்பாடு. ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. மேலே காட்டிய அறிவிப்பை அப்படியே கன்னடத்தில் பெயர்த்தால் கன்னடத்திலும் புரியாது.

ஜப்பான் இதை வேறு விதமாக அணுகியது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தின்போது அங்கிருந்த வெளிநாட்டினருக்கு எச்சரிக்கைகளும் நிவாரணச் செய்திகளும் சரியாகப் போய்ச்சேரவில்லை. எல்லா மொழியிலும் பெயர்க்க நேரமில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் "எளிய ஜப்பானியம்": சிறு வாக்கியம், எளிய சொல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. 2020-ல் அந்நாட்டு அரசே அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. ஜப்பானிய முதியவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஓசூருக்குத் தேவை அப்படி ஒரு எளிய தமிழ். தமிழை இரண்டாம் மொழியாகக் கொண்டவர் வாசித்துப் புரிந்துகொண்டால், தமிழர் எல்லோருக்கும் புரியும்.

ஆலைகளுக்குள் இந்தச் சோதனை இன்னும் கடுமை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் ஒட்டச் சொன்னது. நிலையாணைகளுக்கும் 1946 முதல் அதே விதிதான் இருந்தது. "தமிழில்" என்று எழுதாமல் "புரியும் மொழியில்" என்று எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் நிற்கும் வரிசையில் அந்த மொழி எது என்று ஒவ்வொரு ஆலையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. கடிதம் கொடுத்தாயிற்றா என்று பார்க்கும் ஆய்வாளர், வாங்கியவரைக் கூப்பிட்டு அதில் என்ன இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

டெல்லிக்கும் இந்த ஞானம் கொஞ்சம் வந்திருக்கிறது. 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 819 பிரிவுகளை 536 ஆக்கியது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் பாதியாகின. அதே ஆண்டு அக்டோபரில் பி.எஃப். பணம் எடுக்கும் 13 வகை விதிகளை மூன்றாக்க முடிவெடுத்தார்கள். ஆலை மாறும்போதெல்லாம் பி.எஃப். விண்ணப்பம் திரும்பி வந்து அலைகிற ஓசூர்த் தொழிலாளிக்கு, இனிஷியலை விரித்து எழுதும் தொல்லையையும் யாராவது தீர்த்தால் புண்ணியமாகப் போகும்.

எல்லைக்கு அப்பால் ஒரு ரசீது

ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கே 2012 முதல் "சகாலா" நடைமுறையில் உள்ளது. சான்றிதழுக்கோ பட்டா மாற்றத்துக்கோ விண்ணப்பித்தால் எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை விண்ணப்பதாரருக்கு ஈட்டுத்தொகை. தொகை சிறியதுதான். ஆனால் தேதியைக் காட்டிக் கேட்க ஒரு காகிதம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதுபோன்ற சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குறுதியும் தந்தது.

எளிய மொழிக்கு எதிராக அதிகாரிகள் சொல்லும் ஒரு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சட்ட அறிவிப்பில் ஒரு சொல் மாறினாலும் ரிட் மனு வரும், கையகப்படுத்தலே ரத்தாகும் என்பார்கள். உண்மை. சட்ட வாசகம் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் ஒரு முகப்புத் தாள் வைக்கலாம். சட்ட அறிவிப்பே செல்லும், இது விளக்கம் மட்டும் என்று அதன் அடியில் ஒரு வரி போடலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 4(4), தகவலை வெளியிடும்போது உள்ளூர் மொழியையும் அந்த இடத்தில் எந்த முறை நன்றாகப் போய்ச்சேரும் என்பதையும் பார்க்கச் சொல்கிறது. முகப்புத் தாளுக்கு இதைவிட வேறு சட்டம் தேட வேண்டியதில்லை.

தொடங்க நல்ல இடமும் இருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் வரும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பிறகு பேரிகை, பாகலூர் பகுதியில் இடம் தேர்வானது. திட்டம் நகர நகர நில அறிவிப்புகள் அந்த ஊர்களுக்குப் போகும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த முகப்புத் தாளைப் பத்து விவசாயிகளிடம் காட்டி, மூன்று கேள்வி கேட்கட்டும்: இது என்ன காகிதம்? நீங்கள் என்ன செய்யலாம்? எந்தத் தேதிக்குள்? இரண்டு பேர் தடுமாறினாலும் திருப்பி எழுதட்டும். கேள்விகளைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்க வேண்டியிருக்கும். பேரிகையில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையிலேயே கிடைப்பார்கள்.